பாலாற்றங்கரையில் ஒரு நிலக்கனவு

பட்டணத்தில் வாழும் குடும்பங்களின் உள்ளத்தில் நெடுநாளாகக் குடியிருக்கும் ஆசை ஒன்று உண்டு. வாடகை வீட்டு மாடியில் தண்ணீர் லாரியின் வரவை எதிர்நோக்கிக் குடங்களை வரிசையாக வைத்திருக்கும் வேளையிலும் அவ்வாசை அடங்குவதில்லை. ஊர்ப்பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் வாங்க வேண்டும். கறவை மாடு கட்ட வேண்டும். வரப்போரம் முருங்கையும் அகத்தியும் நட வேண்டும். மருந்தடிக்காத காய்கறியை நாமே பறித்துச் சமைக்க வேண்டும். பிள்ளைகள் கரையேறிய பின்பு அங்கேயே அமைதியாகக் காலத்தைக் கழித்துவிட வேண்டும். ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நான்கு குடும்பத்தார் நின்று பேசினால், அவர்களுள் ஒருவராவது இப்பேச்சை எடுக்காமல் இருப்பதில்லை.

சென்னையில் குடியேறியுள்ள குடும்பங்கள் பலவற்றுக்கு வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பக்கங்களே பூர்வீகம். அப்பக்கத்தில் பாட்டன் காலத்து நிலம் வைத்திருப்போரும் உண்டு. விற்றுவிட்டு வேறிடம் தேடுவோரும் உண்டு. அண்மையில் நாங்கள் சிலர் பாலாற்றின் ஓரமாக வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை சென்று வந்தோம். நிலத்தைப் பற்றிக் கனவு காண்போர் அவ்வட்டாரத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது மிகுதி என்பதனால் அதனை இங்கே எழுதுகிறோம்.

நீரில்லா ஆறு

காட்பாடியில் இரயிலை விட்டிறங்கி வேலூருக்குள் நுழைய வேண்டுமானால் பாலாற்றுப் பாலத்தைக் கடக்க வேண்டும். இராசா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், நீர் இல்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி வேடிக்கையாகச் சொல்லும் வழக்கு ஒன்று உண்டு. இவற்றுள் கோயிலைப் பற்றிய பகுதி பழங்கதையாகிவிட்டது. கோட்டைக்குள் இருக்கும் சலகண்டேசுவரர் ஆலயத்தில் 1981-ஆம் ஆண்டில் மூலவர் மீண்டும் நிறுவப்பட்டு வழிபாடு தொடங்கிற்று. ஆற்றைப் பற்றிய பகுதியோ ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் இன்றும் மெய்யாகவே நிற்கின்றது. பாலத்தின் மேலிருந்து நோக்கினால் மணலும் நாணலும் சீமைக் கருவேலமுமே கண்ணுக்குத் தெரிகின்றன.

கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திரத்தின் ஒரு மூலையைக் கடந்து, தமிழகத்தில் மட்டும் 222 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலோடு கலக்கின்றது. இவ்வாறு எப்பொழுதாவது பொங்குவதும் உண்டு. 1903 நவம்பரில் வந்த வெள்ளம் வாணியம்பாடியைப் பெரிதும் அழித்தது; 2021 நவம்பரிலும் இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடிற்று. ஆயினும் இதன் உண்மையான செல்வம் மணலுக்கு அடியில் ஓடும் நீரே. ஆற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டி, அதில் கசிந்து சேரும் நீரை வாய்க்கால் வழியாக வயலுக்குக் கொண்டு சென்றவர்கள் இவ்வட்டாரத்து உழவர்கள். கரையோரத்துக் கிணறுகளெல்லாம் அந்த மறைந்த ஆற்றின் வாய்களே. மேலே வறண்டிருந்தாலும் கீழே ஓடுகிறது என்னும் நம்பிக்கையில்தான் நெல்லும் கரும்பும் தென்னையும் இங்கே தழைத்தன.

இதனை நன்கு மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஆறு மண்ணுக்கு அடியில் ஓடுகிறதென்றால், மண்ணின் மேல் எதைக் கொட்டினாலும் அது ஆற்றிலேயே போய்ச் சேரும்.

உப்புத் தோலும் உவர்க் கிணறும்

வேலூரிலிருந்து மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா, மாதனூர் ஆகிய ஊர்களைத் தாண்டினால் ஆம்பூர். தெற்கே சவ்வாது மலைத் தொடர் நீலமாகத் தெரிகின்றது. ஆம்பூர் என்றதும் வெளியூரார்க்குச் சீரகச் சம்பாவில் விறகடுப்பின்மேல் சமைத்த பிரியாணியும், தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயுமே நினைவுக்கு வரும். அக்கத்தரிக்காய்க்கும் இப்பக்கத்தில் பெருமை உண்டு. வேலூருக்கு அருகே இலவம்பாடியில் விளையும் முள்ளுக் கத்தரிக்காய் 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இவ்வட்டாரத்து மண் இயல்பிலே எத்தகையது என்பதற்கு அதுவே சான்று.

ஆம்பூரை வளர்த்ததோ தோல். ஆடு மாடுகளின் தோல் அழுகிப் போகாமல் இருக்க, உரித்த இடத்திலேயே அதில் உப்பைத் திணிக்கிறார்கள். டேனரிக்கு வந்ததும் அவ்வுப்பு நீங்க நீரில் ஊறவைக்கிறார்கள். பின்பு சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு மயிரை நீக்கிக் கழுவுகிறார்கள். அதன் பிறகே பதனிடுதல். முற்காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் பதனிட்டனர். குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறையோ அவ்வேலையை ஓரிரு நாளில் முடித்துவிடும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்முறை சென்னைப் பக்கம் வேரூன்றிற்று. தாம்பரம் போகும் வழியிலுள்ள குரோம்பேட்டை, அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் அப்பெயர் பெற்றது என்பதைப் பட்டணத்தாரிலும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1970-களில் அரைப்பதத் தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது. அதன் பயனாகப் பாலாற்றுக் கரையில் குரோமியப் பதனீடு பெருகிற்று. அன்னியச் செலாவணியும் பெருகிற்று, கழிவும் பெருகிற்று.

ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் வேண்டும். அந்நீர் உப்பையும் சுண்ணாம்பையும் குரோமியத்தையும் சுமந்துகொண்டு பல்லாண்டுக் காலம் வாய்க்காலிலும் ஏரியிலும் ஆற்றிலும் கலந்தது. இவற்றுள் உப்பின் கொடுமையைப் பட்டணத்தார் எளிதில் உணர்வதில்லை. சாணம், தழை, எலும்பு முதலியவற்றை மண் தின்று செரித்து உரமாக்கிக்கொள்ளும். உப்பை அது செரிப்பதில்லை. வெயில் நீரை உறிஞ்ச உறிஞ்ச உப்பு மேலே வந்து வெள்ளையாகப் பூக்கின்றது. ஈரம் இருந்தும் வேரால் அதனை உறிஞ்ச முடிவதில்லை. மண் இறுகிப் போகின்றது. தென்னையில் குரும்பை உதிர்கின்றது, நெற்கதிர் பதராகின்றது, கிணற்று நீரைக் குடிக்க இயலாமற் போகின்றது.

தோல் தொழிலைத் தூற்றுவது எங்கள் நோக்கமன்று. வானம் பார்த்த வயிற்றுக்கு மாதச் சம்பளம் காட்டியது அத்தொழிலே. வாணியம்பாடியில் 1919-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் இசுலாமியாக் கல்லூரி போன்ற கல்விக்கூடங்கள் தோல் வணிகச் சமூகத்தாரின் கொடையால் செழித்தவை. காலை வேளையில் ஆம்பூர்ச் சாலையில் நின்றால், சுற்றுக் கிராமங்களிலிருந்து காலணித் தொழிற்சாலைகளுக்கு வரும் பேருந்துகளைக் காணலாம். அவற்றில் இருப்போர் பெரும்பாலும் பெண்கள். காலணியின் மேற்பகுதியை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கையால் தைத்துக் கொடுத்துச் சோடிக் கணக்கில் கூலி பெறும் பெண்களும் உண்டு. அவர்கள் தைத்த காலணி கடல் கடந்து செல்கின்றது. நம் வீட்டு வாசலிலும் கிடக்கின்றது.

அப்பேருந்துகளைக் கண்டபோது எங்கள் உள்ளத்தில் பட்ட உண்மை இது: பட்டணத்தார் எந்த வாழ்வுக்குப் போக வேண்டுமென்று ஏங்குகிறார்களோ, அந்த வாழ்விலிருந்துதான் இப்பெண்கள் பேருந்து ஏறி வருகிறார்கள். கிணறு உவர்ந்து, நிலம் பொய்த்து, ஏர் ஓய்ந்த வீடுகள் அக்கிராமங்களில் பல. நமக்குக் கனவாக இருப்பது அவர்களுக்கு இழப்பாக இருக்கின்றது.

வழக்கும் கணக்கும்

வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் என்னும் மக்கள் அமைப்பு 1991-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தை அணுகிற்று. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்திலேயே ஒரு மைல்கல் எனலாம். டேனரிப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிர் செய்யத் தகுதியற்றுப் போயிற்று என்னும் வேளாண் ஆய்வாளர் கணக்கை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. கேடு வருமுன் காக்க வேண்டும், கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்னும் இரு நெறிகளை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென நிலைநாட்டிற்று. இன்று எல்லாரும் எளிதாகச் சொல்லும் ‘நீடித்த வளர்ச்சி’ என்னும் சொல்லுக்கு நீதிமன்றத்தில் உறுதியான இடம் கிடைத்தது பாலாற்று உழவர்களின் வழக்கினால்தான்.

இழப்பை மதிப்பிட அமைக்கப்பட்ட ஆணையம் 2001 மார்ச் 7 அன்று தன் முடிவை வெளியிட்டது. வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்கு மொத்தம் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூட இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட நிலத்துக்கு அவ்வளவே. அத்தொகையும் எல்லாருக்கும் முழுமையாகப் போய்ச் சேராததால் வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றம் ஏறிற்று. எஞ்சிய இழப்பீட்டை அரசு 6 வாரங்களுக்குள் வழங்கிவிட்டு, கெடுத்தவர்களிடம் அதனை வசூலித்துக்கொள்ள வேண்டுமென 2025 சனவரி 30 அன்று நீதிமன்றம் ஆணையிட்டது. முதல் மனுவுக்கும் இந்த ஆணைக்கும் இடையே 34 ஆண்டுகள் உருண்டோடின.

இதற்கிடையே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. கழிவு நீரைச் சொட்டும் வெளியே விடாமல் மீண்டும் பயன்படுத்தும் முறையும் வந்தது. இவை நன்மையே. ஆனாலும் நீரைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் உப்பையும் சேற்றையும் எங்கே வைப்பது என்னும் கேள்வி இன்னும் முற்றுப்பெறவில்லை. 2015 சனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்துச் சேற்றுத் தொட்டியின் சுவர் இரவில் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உள்ளிட்ட 10 பேர் மாண்டனர். கழிவு நம் கண்ணை விட்டு மறைந்தாலும் யாரோ ஒருவருடைய தலைமாட்டில் இருந்துகொண்டுதான் இருக்கின்றது.

பட்டணத்தை விட்ட கணக்கர்

‘நீடித்த’ என்னும் சொல் நீதிமன்றத்தில் ஒலிப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே அப்பொருளைச் சிந்தித்த தமிழர் ஒருவரை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். அவர் ஜே. சி. குமரப்பா. 1892-இல் தஞ்சையில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இலண்டனில் கணக்கியல் கற்றவர். பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தி வசதியாக வாழ்ந்தவர். அமெரிக்காவில் பொருளியல் பயின்றவர். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்த பின் பட்டண வாழ்வைத் துறந்து, வார்தாவில் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார். முதுமையில் மதுரைக்கு அருகே தே. கல்லுப்பட்டிக் காந்தி நிகேதனத்தில் வாழ்ந்து 1960-இல் மறைந்தார். சிறையில் இருந்தபோது அவர் எழுதி 1945-இல் வெளிவந்த நூல், நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது.

இயற்கையில் உள்ள உயிர்களைக் கொண்டு அவர் பொருளாதாரத்தை ஐந்து வகையாகப் பிரித்தார். புலி தான் உண்பதற்காகப் பிற உயிரைக் கொல்லும். குரங்கு தான் நடாத தோப்பில் பழத்தைப் பறித்துத் தின்னும். மரத்தைக் கொல்லாது, ஆனால் தோப்புக்குத் தன் பங்காக எதையும் கொடுக்காது. பறவை தன் உழைப்பால் கூடு கட்டி அதில் வாழும். தேனீ தனக்கென்று மட்டுமின்றிக் கூட்டம் முழுவதற்கும் தேன் சேர்க்கும். தாய்ப் பறவையோ கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு ஊட்டும். முதலாவதிலிருந்து ஐந்தாவதை நோக்கி ஏறுவதே மனித முன்னேற்றம் என்பது அவர் கொள்கை.

பாலாற்றுக்கு நேர்ந்ததை இந்த அளவுகோலால் எளிதில் அளந்துவிடலாம். நம் கனவையும் இதே கோலால் அளக்க வேண்டும் என்பதே நாங்கள் சொல்ல வந்தது.

வாணியம்பாடியைத் தாண்டினால் ஏலகிரி மலை. 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் குளிர்ந்த காற்றும் பசுமையும் வரவேற்கின்றன. அங்கே வார இறுதி இல்லங்களும் விடுதிகளும் எழுந்துள்ளன. சமவெளியில் கெட்டுப்போன நிலத்தை விட்டுவிட்டு, இன்னும் கெடாத மலையை நோக்கிப் பட்டணத்துக் கனவுகள் ஏறுகின்றன. மலையில் நிலம் வாங்கி, ஆழ்துளைக் கிணறு தோண்டி, வேலி போட்டுப் பூட்டிவிட்டு, மாதம் இரண்டு நாள் சென்று காற்று வாங்கித் திரும்புவது விவசாய வாழ்வாகுமா? தோப்புக்குத் தன் பங்காக ஒன்றும் கொடுக்காத குரங்கின் பொருளாதாரம் அது என்று குமரப்பாவின் கணக்கு நமக்குச் சொல்லும். நல்ல காற்றையும் நீரையும் தேடிப் போகிறவர்கள், போகும் இடத்துக்கு எதைக் கொண்டுசெல்கிறார்கள் என்பதே கேள்வி.

நிலம் வாங்குமுன், விற்குமுன்

ஆகவே கனவையே விட்டுவிடச் சொல்கிறோமா? இல்லை. கனவுக்குக் கணக்கு வேண்டும் என்கிறோம்.

முதலாவதாக, நிலத்தின் பத்திரத்தைப் பார்க்குமுன் கிணற்று நீரைப் பாருங்கள். கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் நீரையும் மண்ணையும் எடுத்து, வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, உப்பின் அளவையும் கார அமிலத் தன்மையையும் அறிந்துகொள்ளுங்கள். டேனரிக் கழிவு பாய்ந்த பக்கமாயின் குரோமியத்தையும் சோதிக்கச் செய்யுங்கள். நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, பத்தாண்டுக்கு முன் எங்கே இருந்தது என்று பக்கத்து உழவரைக் கேளுங்கள்.

இரண்டாவதாக, பூர்வீக நிலம் உவர்ந்துவிட்டது என்பதற்காக அவசரப்பட்டு மனை போட விற்றுவிடாதீர்கள். உவர் நிலத்துக்கும் வைத்தியம் உண்டு. அதற்குப் பொறுமை வேண்டும். வரப்பை உயர்த்தி மழைநீரை வயலிலேயே தேக்கி உப்பைக் கழுவ வேண்டும். பண்ணைக்குட்டை வெட்ட வேண்டும். மண்ணின் தன்மைக்கேற்ப ஜிப்சம் இட வேண்டும். உவரைத் தாங்கி வளரும் தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழ வேண்டும். திருச்சி வேளாண் கல்லூரி வெளியிட்ட டி.ஆர்.ஒய். வரிசை நெல் வகைகள் உவரைத் தாங்குவன. கேழ்வரகும் ஓரளவு தாங்கும். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையால் நாகைப் பகுதி வயல்களில் கடல்நீர் புகுந்தபோது, இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் உழவர்களோடு நின்று பசுந்தாள் உரத்தைக் கொண்டு அந்நிலங்களை மீட்க வழிகாட்டினார். தோல் கழிவு பட்ட நிலத்தின் நோய் அதனினும் கடுமையானது. குரோமியம் மிகுந்த மண்ணுக்கு இவ்வைத்தியம் மட்டும் போதாது. ஆயினும் உப்பினால் மட்டும் நலிந்த நிலங்கள் மீளக்கூடும். பட்டணத்தில் சம்பாதிக்கும் மகன் ஊருக்கு அனுப்பக்கூடிய பணத்தில், வரப்புக்கும் குட்டைக்குமான செலவைக் காட்டிலும் சிறந்த செலவு வேறில்லை. அங்கே உழுது கொண்டிருக்கும் அண்ணனோ சித்தப்பாவோ கேளாமலே அதனைச் செய்வது மேலும் சிறப்பு.

மூன்றாவதாக, நிலம் இல்லாதவர்க்கும் இக்கனவில் பங்கு உண்டு. தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புக் குழி நம் வீட்டில் தூர்ந்து கிடக்கிறதா என்று பார்ப்பதும் உழவுத் தொழிலைச் சேர்ந்ததே. உழவர் சந்தையில் விளைவித்தவர் கையிலிருந்தே கத்தரிக்காய் வாங்குவதும், தைக்கக்கூடிய செருப்பைத் தைத்து இன்னும் ஓராண்டு போடுவதும் அவ்வாறே. ஒரு சோடி தோல் காலணிக்குப் பின்னால் எவ்வளவு நீர் ஓடியிருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பட்டணத்தில் இருக்கும்போது ஒரு குடம் நீரை மதிக்கப் பழகாதவர், கிராமத்துக்குப் போன பின் ஒரு கிணற்றை மதிப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

பாலாற்று உழவர்கள் தம் நிலத்தைக் கொடுத்து இந்நாட்டுக்கு ஒரு நெறியைப் பெற்றுத் தந்தார்கள்: எடுத்தவன் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீதிமன்றம் அதனைத் தொழிற்சாலைக்குச் சொன்னது. நிலத்தின்மேல் ஆசை வைத்துள்ள நாம் அதனை நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டும். இவ்விடுமுறையில் ஊருக்குப் போகும் குடும்பங்கள், திரும்பும்போது மாங்காயும் புளியும் கொண்டுவருவதோடு, பழைய கிணற்றின் நீரைச் சுத்தமான பாட்டிலில் நிரப்பி, எடுத்த நாளையும் இடத்தையும் அதன்மேல் எழுதிக் கொண்டுவாருங்கள். அதனைச் சோதனைக்குக் கொடுத்து, வரும் தாளைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். உங்கள் நிலத்தின் உண்மையான கணக்கு அதிலிருந்து தொடங்கும்.